ஓரத்தில் மட்டும் பசை

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் பாக்கியரத்தினம் சட்ட அலுவலகத்தின் மேல்மாடியில் புத்தகங்களுக்கு வியர்க்கும். யன்னல்கள் சாத்தியேதான் இருக்கும். மழைத் துளி ஒன்றுகூட உள்ளே விழாது. ஆனாலும் துறைமுகப் பக்கமிருந்து வரும் உப்பு ஈரம் கதவிடுக்கால் நுழைந்து, பழைய சட்டத் தொகுதிகளின் தோல் அட்டைகளில் பிசுபிசுப்பாகப் படிந்துவிடும். அந்த மாதங்களில் நூலகர் கிறேஸ் காலையில் வந்ததும் ஒரு பருத்தித் துணியால் அட்டைகளைத் துடைத்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பாள். அது போன வருசம் வரைக்கும். இந்த வருசம் அவளுடைய மேசை கீழ்மாடிக்கு வந்துவிட்டது. குளிரூட்டி பூட்டிய அறை, இரண்டு கணினிகள், சுழலும் கதிரை. மேல்மாடி அலுமாரிகளின் திறப்பு மட்டும் அவளுடைய கைப்பையில் கிடந்தது.

சட்டப் புத்தகம் அச்சானதோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு சட்டத்தின் ஐந்தாம் பிரிவை அரசாங்கம் மாற்றினால் அதற்காக முழுப் புத்தகத்தையும் யாரும் மறுபடி அச்சடிக்கமாட்டார்கள். மாற்றம் அரசாங்க இதழான வர்த்தமானியில் வெளிவரும். நூலகர் அதைக் கத்தரித்தெடுத்துப் பழைய பிரிவின்மேல் ஒட்டவேண்டும். இந்த ஒட்டுவேலையில் ஒரு முறை உண்டு. துண்டு முழுவதும் பசை பூசக்கூடாது. இடது ஓரத்தில் மட்டும், ஒரு பென்சில் கோட்டின் அகலத்துக்குப் பூசவேண்டும். அப்போது அந்தத் துண்டு கதவுபோலத் திறந்து மூடும். மூடியிருக்கையில் தெரிவது இன்றைய சட்டம். தூக்கிப் பார்த்தால் அதற்கு முந்தியது. சில பிரிவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு துண்டுகள்கூட இருந்தன. அலுவலகத்தில் எல்லோரும் அவற்றை இமை என்பார்கள். எந்தத் திகதியில் சட்டம் மாறியது என்பதைக் கிறேஸ் ஒவ்வொரு இமையின் பின்புறத்திலும் சின்ன எழுத்தில் எழுதிவைப்பாள். முன்புறத்தில் அதற்கு இடம் இராது.

மாறிப்போன சட்டம் எதற்கு என்று புதிதாகச் சேரும் இளம் சட்டத்தரணிகள் கேட்பார்கள். வழக்குக்கு வேண்டியது பெரும்பாலும் இன்றைய சட்டமல்ல. சம்பவம் நடந்த நாளில் எது சட்டமாக இருந்ததோ, அதுதான் வேண்டும்.

போன வருசம் அலுவலகத்தின் சொந்தக்காரர் பாக்கியரத்தினம் புத்தகங்களை எல்லாம் கணினிக்குள் ஏற்ற முடிவெடுத்தார். கொழும்பிலிருந்து ஒரு கிழமை வாடகைக்கு இயந்திரம் வந்தது. விரித்த புத்தகத்தை ஒரு கண்ணாடி அழுத்திப் பிடிக்க, மேலிருந்து கமரா படமெடுக்கும். இமைகள்தான் தொந்தரவு செய்தன. பக்கம் புரளும்போது எழும்பின, கண்ணாடிக்குள் மடிந்தன, பாதி எழுத்தில் நிழல் விழுந்தது. இமை உள்ள பக்கத்தைத் திறந்தும் மூடியும் இரண்டு தடவை எடுத்தால் கிழமைக்குள் முடியாது என்று இயந்திரக்காரர் கையை விரித்துவிட்டார்.

கிறேஸ் அந்தத் தொகுதிகளை முச்சக்கரவண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். புருசன் யோசேப் குசினியில் கோதுமை மாவைக் கரைத்து, பூச்சி வராமலிருக்கத் துளி துத்தமும் போட்டுப் பசை காய்ச்சினார். துறைமுகத்து இழுவைப் படகில் என்ஜின்காரராக இருந்தவர்; ஒப்பந்தம் முடிந்ததிலிருந்து சமையல் அவருடைய கையில். மகள் றஜிதா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வந்து இருந்தாள். மூன்று பேருமாக எல்லா இமைகளையும் முழுதாக ஒட்டிப் பக்கத்தோடு படியவைத்தார்கள். "இனிக் கப்பலைக் கட்டி இழுத்தாலும் கழராது," என்று யோசேப் கையைத் துடைத்தார். கீழே உள்ளதைப் பிறகு தனியாகப் படமெடுக்கலாம் என்று கிறேஸ் நினைத்திருந்தாள். இயந்திரம் போய்விட்டது. பழைய வர்த்தமானிக் கட்டுகளும் மேலதிகப் பிரதிகளும் இடத்தை அடைக்கின்றன என்று பழைய பேப்பர்காரருக்குப் போய்விட்டன. அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

உண்மையைச் சொன்னால், புதிய வேலை கிறேஸுக்குப் பிடித்திருந்தது. முன்பெல்லாம் அவள் புத்தகம் எடுத்துக் கொடுப்பவள். இப்போது எந்தத் தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டுவது, எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் எந்தத் தீர்ப்பு வரும் என்று சட்டத்தரணிகளுக்கே வகுப்பெடுத்தாள். கூட்டங்களில் அவளுக்கும் ஒரு கதிரை இருந்தது. ஒரு கொழும்பு நிறுவனம் முதலாம் திகதியிலிருந்து இந்த அலுவலகத்தோடு சேர்ந்து இயங்க இருந்தது. இரண்டு அலுவலகங்களின் நூலகத்துக்கும் அவளே பொறுப்பு என்று பேச்சு. வீட்டில் வருமானம் என்று இருந்தது அவளுடைய சம்பளம் மட்டும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சிவாஜினி வந்தாள். குச்சவெளியிலிருந்து கரையோர வீதி பஸ்ஸில் நனைந்தபடி வந்து, சட்டத்தரணி நப்லா நீதிமன்றத்திலிருந்து திரும்பும்வரை கிறேஸின் அறை வாசலில் நின்றாள். கையில் கருவாட்டுப் பை.

"உள்ளுக்கு வந்து இருங்கோ சிவாஜினி. ஏன் நிக்கிறீங்கள்?"

"ஈரம் மிஸ். உங்கட கதிரை பழுதாப் போகும்."

"கதிரை கிடக்கட்டும். இருங்கோ."

அவளுடைய வழக்கு ஒரு கரைவலைப் பாட்டைப் பற்றியது. கரையில் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரைக்கும் வலை வளைத்து இழுக்கலாம் என்று ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் உரிமைதான் பாடு. அது அவளுடைய புருசனின் பெயரில் இருந்தது. அவன் செத்துப் பதினொரு மாதம் கழித்து அவள் தன் பெயருக்கு மாற்றித்தரும்படி விண்ணப்பித்தாள். விதி எதையும் காட்டாமலே, பிந்திவிட்டது என்று சொல்லிப் புருசனின் கூட்டாளி பாட்டைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து வழக்கு.

போன மாதம் நப்லா வந்து ஒழுங்குவிதியைக் கேட்டபோது கிறேஸ் கணினியில் தட்டிய கையோடு பக்கம் வந்தது. உரிமையாளர் இறந்து ஆறு மாதத்துக்குள் மனைவி விண்ணப்பிக்கவேண்டும். நப்லா விடாமல் கேட்டாள்: "இதுக்கு முன்னுக்கு வேற மாதிரி இருந்திச்சா அக்கா?" கொழும்புக்காரர் இரண்டு பேர் அந்த நேரம் பாக்கியரத்தினத்தோடு அறைக்குள் நின்று, எவ்வளவு கெதியாகப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இல்லை பிள்ளை, இதுதான்," என்றாள் கிறேஸ்.

வழக்கு நிற்காது என்றாகிவிட்டது. மிச்சம் இருந்தது இணக்கம்தான். பாட்டைக் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்து, இழுவையில் ஒரு சின்னப் பங்கு வாங்குவது. திங்கட்கிழமை கோட்டில் கையெழுத்து.

"கையெழுத்து வைச்சால் முடிஞ்சுதே மிஸ்? பிறகு ஒருக்காலும் கேக்க ஏலாதோ?"

"ஏலாது."

சிவாஜினி சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். "அந்த மனுசன் கரையில நிண்டு கத்தினால் கடலுக்குள்ள வள்ளத்தில இருக்கிறவனுக்குக் கேக்கும். வலை எந்தப் பக்கம் சாயுதெண்டு தண்ணிய மணந்து பாத்துச் சொல்லும். இனி நான் போய் அவனிட்டப் பங்குக்குக் கையேந்தி நிக்கவேணும். மகள் சொல்றாள், விடுங்கோம்மா, நான் படிச்சு உழைச்சுத் தாறன் எண்டு. கம்பஸ் போயிட்டாளெல்லே, வாய் நீண்டுட்டுது."

"கம்பஸ் போயிட்டாளோ? கெட்டிக்காரி."

"தேப்பன் மோசம் போகேக்க அஞ்சாம் ஆண்டு சோதினைக்கு அழுதுகொண்டு போனவள் மிஸ். அந்தச் சின்னன்தான்."

கிறேஸின் கை சுட்டெலியின் மேல் அப்படியே நின்றது. அந்த ஆறு மாதத் திருத்தத்தை ஒட்டியது அவளுக்கு நினைவிருந்தது. றஜிதா ஓ.எல். சோதினை எடுத்த வருசம். பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வந்து, படபடப்பு அடங்க முதல் செய்த வேலை அது. அதிலிருந்து ஆறு வருசம்தான் ஆகிறது. அஞ்சாம் ஆண்டில் இருந்த பிள்ளை பல்கலைக்கழகம் போய்விட்டாள் என்றால், இந்தப் பெண்ணின் புருசன் செத்து எப்படியும் பத்து வருசம். ஆறு மாதம் என்ற விதி அவன் செத்தபோது பிறந்திருக்கவே இல்லை.

"இருங்கோ, வாறன்," என்று திறப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். தொகுதியை இறக்கிப் பக்கத்தை விரித்தாள். இமையின் கீழ் நகத்தைக் கொடுத்துப் பார்த்தாள். நகம்தான் மடிந்தது.

கீழே வந்தபோது சிவாஜினி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். "என்ன மிஸ்?"

"ஒண்டுமில்லை. நப்லா வந்தவுடனை கதையுங்கோ," என்றாள் கிறேஸ். அன்று பின்னேரம் தொகுதியைப் பொலித்தீனில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

சனிக்கிழமை காலை யோசேப் சூடை மீன் துப்பரவாக்கிக்கொண்டு முழுக்கதையையும் கேட்டார். றஜிதா சாப்பாட்டு மேசையில் மடிகணினியோடு இருந்தாள்.

"அப்ப கீழ என்ன இருந்ததெண்டு உமக்கு நினைவில்லையோ?" என்றார் யோசேப்.

"ஒரு வருசமெண்டு நினைக்கிறன். நினைக்கிறதை வைச்சுக்கொண்டு கோட்டில கதைக்க ஏலுமே?"

"கொழும்பில சுவடிக்கூடத்தில இருக்கும்தானே."

"சனி ஞாயிறு பூட்டு. திங்கள் காலமை அவ கையெழுத்து வைக்கப் போறா. இணையத்தில புதுத் திருத்தம் கிடக்கு. உந்தப் பழசு ஒருத்தரும் ஏத்தேல்லை."

"நப்லாவுக்கு இப்பவே எடுத்துச் சொல்லுமன். பிழை விட்டிட்டன், கையெழுத்து வைக்கவேண்டாம் எண்டு. இதுக்கேன் புத்தகம்?"

கிறேஸ் தொகுதியைப் பொலித்தீனிலிருந்து பிரித்தாள். றஜிதா தலை நிமிர்ந்தாள்.

"அம்மா, ஒண்டு சொல்லட்டே? ஏசக்கூடாது. இது ஒருத்தருக்கும் தெரியாது. அந்த மனுசிக்கும் தெரியாது. முதலாம் திகதிக்கு இன்னும் ஒரு கிழமைதான் கிடக்கு."

"அதுக்கு?"

"சும்மா சொன்னனான்."

"சும்மா சொல்ற கதையே இது?" என்றார் யோசேப், மீன் கத்தியைக் கழுவியபடி. "உன்ர கையாலதானடி அதை ஒட்டினனீ. பாட்டுக் கேட்டுக்கொண்டு."

"பசை காய்ச்சினது ஆரு? கப்பல் இழுத்தாலும் கழராதெண்டு சொன்னது ஆரு?"

"ரெண்டு பேரும் வாயைப் பொத்துங்கோ," என்றாள் கிறேஸ். "ஒட்டச் சொன்னது நான். வெறுங்கையோட போய்ப் பாக்கியரத்தினம் ஐயாவிட்டச் சொல்ல எனக்குப் பயமாக் கிடக்கு. அதுதான் விசயம். முதல்ல இதைக் கழட்டுவம்."

கோதுமைப் பசைக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்தால் கல். ஆனால் மாவு மாவுதான். சூடும் ஈரமும் சேர்ந்து பட்டால் மறுபடி ஊதி இளகிவிடும். அச்சு மை எண்ணெயில் குழைத்தது. அது ஈரத்துக்குக் கரையாது. சிக்கல் காகிதத்தில்தான் இருந்தது. ஈரம் கூடினால் அது கஞ்சியாகும்; குறைந்தால் பசை விடாது. புத்தகத்தைக் கொதிக்கிற பானைக்கு மேலே பிடிக்கவும் முடியாது.

வழி சொன்னது யோசேப்தான். பிட்டுப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, பனையோலை நீத்துப்பெட்டியை அதன்மேல் இருத்தினார். உள்ளே பிட்டு மாவுக்குப் பதிலாகத் தோய்த்துக் காய்ந்த பழைய சாரத் துண்டொன்றை மடித்துவைத்தார். கீழிருந்து வரும் ஆவி துணிக்குள்ளால் ஏறும். துணி சொட்டச் சொட்ட நனையாது. சூடும் மெல்லிய ஈரமும் மட்டும் பிடிக்கும். கிறேஸ் பக்கத்துக்குக் கீழே பொலித்தீனும் உலர்ந்த துவாயும் செருகினாள். றஜிதா துணியை இடுக்கியால் தூக்கிவந்து இமையின்மேல் பரப்பினாள். ஆறியதும் அடுத்தது. குசினியில் ஈரக் காகித மணமும் துத்தத்தின் கசந்த மணமும் கிளம்பின. பொரிக்கக் கிடந்த சூடையை ஒருவரும் தொடவில்லை.

"இப்ப கத்தி தாங்கோ."

"கத்தி கிழிச்சுப்போடும். பொறும்." யோசேப் தன்னுடைய ஆயுதப்பெட்டியிலிருந்து ஒரு சின்ன விசிறி போன்றதை எடுத்துவந்தார். என்ஜினில் வால்வுகளின் இடைவெளி பார்க்கும் உருக்குத் தகடுகள். ஒன்றைவிட ஒன்று மெல்லியது. கடைசித் தகடு வெங்காயத் தோல் போல வளைந்தது. அதைத் துடைத்துக் கிறேஸிடம் கொடுத்தார். "தள்ளாதையும். அது தானாப் போற இடத்துக்கு விடும்."

வலது மூலையிலிருந்து தகடு உள்ளே போனது. நடுவில் நின்றது. மறுபடி துணி, மறுபடி தகடு. றஜிதா மூச்சைப் பிடித்தபடி நின்றாள். ஒரு இடத்தில் காகிதம் சிம்பாக எழும்பியபோது கிறேஸ் "மாதாவே" என்று கையை எடுத்துவிட்டாள். சோறு வேகிற நேரம் கழித்து இமை இடது ஓரம் வரைக்கும் திறந்தது. கீழே மஞ்சளாய்ப்போன பக்கத்தில், ஒரு சொல்லின் பாதி மட்டும் உரிந்திருக்க, மற்றதெல்லாம் வாசிக்கக்கூடியதாக இருந்தது. இமையின் பின்புறத்தில் கிறேஸ் எழுதிய திகதியும் மங்கலாகத் தெரிந்தது: ஆறு வருசத்துக்கு முந்தியது.

"ஓராண்டுக்குள்," என்று றஜிதா வாசித்தாள். பிறகு கதிரையில் இருந்தாள். "அப்ப அந்த மனுசி பிந்தேல்லை."

"பிந்தேல்லை," என்றாள் கிறேஸ்.

யோசேப் அடுப்பை அணைக்கப் போனவர் நின்றார். "இப்பிடி இன்னும் எத்தினை கிடக்கு?"

மேசையில் இருந்தது ஒரு தொகுதியில் ஒரு பக்கம். மேல்மாடியில் ஒரு சுவர் முழுக்க அலுமாரி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கிறேஸ் கோயில் உடுப்போடேயே உப்புவெளிக்குப் பஸ் ஏறினாள். பாக்கியரத்தினம் தன் வீட்டு விறாந்தையில் இருந்தார். மழை விட்டு, கூரையிலிருந்து மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"மிசிஸ் யோசேப்! என்ன, கோயில்ல கேக் வித்தவையோ? பார்சலோட வாறீங்கள்."

அவள் பொலித்தீனைப் பிரித்துப் பக்கத்தை விரித்துக் காட்டினாள். நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள். அவர் கண்ணாடியைப் போட்டு இமையைத் தூக்கி வாசித்தார், மூடி வாசித்தார்.

"நப்லா உங்களிட்டக் கேக்கேல்லையே, முந்தி என்னெண்டு?"

"கேட்டவ. நான்தான் இல்லையெண்டனான். அந்தப் பிள்ளையில பிழையில்லை ஐயா."

"ம்." புத்தகத்தை மூடினார். "நல்ல காலம், கையெழுத்து வைக்க முதல். நாளைக்கு இணக்கம் வேண்டாமெண்டு தவணை எடுப்பம். வழக்கு இனி எங்கட பக்கம். சரி, தேத்தண்ணி குடியுங்கோ."

"ஐயா, இது ஒண்டில்லை. எல்லா இமையும் இப்பிடித்தான் ஒட்டிக் கிடக்கு. கணினியில இருக்கிறது எல்லாம் கடைசிச் சட்டம் மட்டும்தான். முந்தினது ஒண்டும் இல்லை."

அவர் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். "ஆருக்குத் தெரியும்?"

"எங்கட வீட்டுக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்ப அதோட நிக்கட்டும். முதலாம் திகதி கொழும்புக்காரர் எங்களோட இணையினம். அவை சேர வாறதே உந்த நூலகத்தை நம்பித்தான். உங்கட பதவியும் அதோடதான். இப்ப போய் உள்ளுக்குப் பொந்து கிடக்கெண்டு சொன்னால் என்ன நடக்கும்? இணையட்டும். பிறகு ஆறுதலாத் திருத்துவம்."

"பிறகெண்டுதான் ஐயா நானும் போன வருசம் விட்டனான்."

"இது வேறை, அது வேறை. கதையாமல் இருங்கோ. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

கிறேஸ் கைலேஞ்சியை விரலில் சுற்றினாள். "நான் காலமை பூசைக்குப் போக முதல் வீட்டில இருந்தே அந்தத் தொகுதிகளைக் கணினியில மூடிப்போட்டன் ஐயா. ஆர் தேடினாலும், இந்தப் பக்கத்துக்குக் கீழ வேறை பக்கம் இருக்கு, நம்பவேண்டாம், நூலகரைக் கேளுங்கோ எண்டுதான் வரும். கொழும்புக்காரர் திறந்தாலும் அதுதான் தெரியும். இஞ்ச வந்தால் நீங்கள் உப்பிடிச் சொல்லுவீங்கள், நான் ஓமெண்டிடுவன் எண்டு பயம். அதுதான் முதல்லயே செய்தனான்."

"ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்?"

"நூலகம் என்ர பொறுப்பெண்டு நீங்கள்தானே ஐயா சொன்னனீங்கள்."

பாக்கியரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். கோபத்தில் குரல் உயர்த்துகிற பழக்கம் அவருக்கு இல்லை, இன்னும் தணிந்துவிடும். "முதலாம் திகதிக்குப் பிறகு அந்தப் பொறுப்பு ஆரிட்ட இருக்குமெண்டு நான் இப்ப சொல்ல ஏலாது, மிசிஸ் யோசேப்."

"விளங்குது ஐயா."

தேத்தண்ணி வந்தது. அவள் பாதி குடித்தாள். எழும்பும்போது கேட்டாள்: "மற்றப் புத்தகங்களையும் வீட்டை கொண்டுபோய்க் கழட்டிப் பாக்கட்டே? அலுவலகத்தில அடுப்பு வைக்க ஏலாது."

அவர் அவளைப் பார்க்கவில்லை. "கொண்டுபோங்கோ. நனையாமல் கொண்டுபோங்கோ," என்றார்.

திங்கட்கிழமை கோட்டில் எல்லாம் கொஞ்ச நேரத்துக்குள் முடிந்தது. இணக்கத்துக்குச் சம்மதமில்லை என்று நப்லா எழுந்து சொன்னாள், எதிர்ப்பக்கச் சட்டத்தரணி முணுமுணுத்தார், வழக்கு அடுத்த தவணைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கிறேஸ் வெளியே நடைபாதையில், சீலையில் சேறு தெறித்தபடி நின்றாள். நப்லா எல்லாவற்றையும் சிவாஜினிக்கு விளங்கப்படுத்திக்கொண்டு வந்தாள்.

"அப்ப கேஸ் இருக்கு?" என்றாள் சிவாஜினி.

"இருக்கு. நல்லாவே இருக்கு."

சிவாஜினி கிறேஸிடம் திரும்பினாள். "அப்ப நான் ஒரு மாசமாச் சாப்பாடு இறங்காமத் திரிஞ்சது உங்களாலயோ மிஸ்?"

"ஓம்."

"வெள்ளிக்கிழமை நான் உங்களுக்கு முன்னாலதானே இருந்தனான். உங்களுக்கு அப்பவே விளங்கீட்டுது. முகம் மாறினதைக் கண்டனான். கேட்டனான், ஒண்டுமில்லை எண்டனீங்கள்."

"ஓம். சொல்லியிருக்கவேணும். பயத்தில சொல்லேல்லை."

"சனி, ஞாயிறு. ரெண்டு நாள்," என்றாள் சிவாஜினி. கருவாட்டுப் பையை நப்லாவின் கையில் கொடுத்து, "இது உங்களுக்கு மட்டும்," என்றாள். குச்சவெளி பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். நப்லா பையைப் பிடித்தபடி சங்கடமாக நின்றாள்.

"அவ கோவத்தில சொல்றா அக்கா."

"சரியாத்தான் சொல்றா," என்றாள் கிறேஸ். "நீங்க கேட்ட நேரம் நானும் ஒருக்கா மேல ஏறிப் பாத்திருக்கவேணும்."

பின்னேரம் மூன்று தொகுதிகளோடு வீட்டுக்கு வந்தாள். கொழும்பிலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்து, பாக்கியரத்தினமே கதவைச் சாத்திக்கொண்டு கதைத்ததையும், வெளியே வந்தவர் தன்னிடம் எதுவும் சொல்லாமல் போனதையும் யோசேப்பிடம் சொன்னாள். அவர் கேட்டபடி பானையில் தண்ணீர் வார்த்தார்.

"இண்டைக்கு என்ன அவிக்கிறது? பிட்டோ, துணியோ?"

"துணி. பிட்டு பிறகு."

"பிறகெண்ட கதையை இந்த வீட்டில எடுக்கப்படாது," என்றார் யோசேப். கிறேஸ் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

றஜிதா மடிகணினியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி, துவாயை விரித்தாள். காதில் இன்று ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. முதலாவது இமை பாடுபடுத்தாமல் கழன்றது. இரண்டாவதில் பசை தடிப்பாக இருந்தது. துணி மாற்றி மாற்றி வைத்தார்கள். தகடு பாதிவரை போனதும் கீழ்ப் பக்கத்தின் தோலும் சேர்ந்து எழும்பியது. கிறேஸ் நிறுத்தினாள், ஆனால் அதற்குள் நாலு வரி போய்விட்டது. இமையின் பின்புறத்தில், உரிந்து ஒட்டிய எழுத்துகள் ஊதிய மாவுக்குள் சிதைந்து கிடந்தன. மூன்று பேரும் விளக்கை இழுத்துப்பிடித்து மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு சொல்லும் எடுபடவில்லை.

"இதுக்கு என்னம்மா போடுறது?" றஜிதா கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

கிறேஸ் விரலில் ஒட்டிய பசையைச் சீலைத் தலைப்பில் துடைத்தாள்.

"இதுக்குக் கீழ இருந்த சட்டம் எங்களிட்ட இல்லை எண்டு போடு. ஏன் இல்லையெண்டும் போடு."

"ஏனெண்டு?"

"நூலகர் ஒட்டிப்போட்டா எண்டு."

றஜிதா தாயைப் பார்த்தாள். பிறகு தட்டத் தொடங்கினாள். யோசேப் அடுத்த துணியை மடித்து நீத்துப்பெட்டிக்குள் வைத்தார்.